மெழுகு போடாத காயில்

அன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர்கள்: மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்கு உரியவனான நான், என் மனைவி, அதே பட்டறையில் என்னோடு வேலை செய்யும் எங்கள் மகள், கிட்டார் வாசிக்கும் அவளுடைய கணவர், அவருடைய அப்பாவும் தச்சருமான என் சம்பந்தி, சம்பந்தியம்மா, கூடத்தை நடத்தும் ஒலிப்பதிவாளர். பாடகர் கடைசியில்தான் வந்தார். வேறு யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாகச் சொல்லித் திரியும் என் மச்சினர் அந்த நேரத்தில் பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். வாயை மூடத் தெரியாதது அவருக்கு வழக்கம்தான் என்றாலும், அன்று அதற்குக் காரணம் இருந்தது.

நடந்தது முழுக்க மாப்பிள்ளையின் கிட்டாரைப் பற்றியது. அதைச் சம்பந்தி தன் கையால் செய்தார். மகன் பள்ளிக்கூடம் முடித்த வருடம் கிட்டார் கேட்டபோது, ஊருக்கெல்லாம் கட்டிலும் அலமாரியும் செய்து கொடுப்பவன் சொந்த மகனுக்குக் கடையில் வாங்குவதா என்று, ஒரே பலகையை இழைத்துச் செய்துவிட்டார். அழகான பொருள். அதை நான் என்றுமே மறுத்ததில்லை. ஆனால் அவர் வீட்டுக்கு யார் போனாலும், குடிக்கத் தண்ணீர் வருவதற்கு முன்னால் கிட்டார் வரும். போன தடவை பார்த்தவருக்கும் மறுபடி வரும்.

மின்சாரக் கிட்டாரில் கம்பிகளுக்குக் கீழே மரத்தில் குறுகலாக ஒரு குழி வெட்டி, அதில் காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் வைத்திருப்பார்கள். பிக்கப் என்பார்கள். கம்பி அதிர்வதைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதுதான். மாப்பிள்ளையின் கிட்டாரில் அப்படி இரண்டு இருந்தன. இரண்டும் ஒற்றைக் காயில், அதாவது ஒரே சுருள் உள்ளவை. ஒற்றைக் காயில் பாட்டை மட்டும் பிடிக்காது. பக்கத்தில் எரிகிற டியூப் லைட், சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற மோட்டார், எல்லாவற்றின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். மேடைக் கச்சேரியில் அது யாருக்கும் தெரியாது. ஒலிப்பதிவுக் கூடத்தில் தெரியும்.

"பாட்டுக்குப் பின்னாடி யாரோ கிரைண்டர் போட்ட மாதிரி இருக்கு" என்று ஒலிப்பதிவாளர் மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார். "அடுத்த பதிவுக்கு இரைச்சல் இல்லாம வாங்க. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். கோச்சுக்காதீங்க."

அந்தக் கூடத்தின் வாசலில் நிற்கவே மாப்பிள்ளைக்குப் பல வருடம் ஆகியிருந்தது. மேடையில் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்து வாசித்து, கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள். இந்த வாய்ப்புப் போனால் இன்னொன்று வராது என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

வேறு கிட்டார் வாங்கலாம். வாங்கினால் சம்பந்தி சோற்றில் கை வைக்க மாட்டார். இரைச்சலை அடக்குகிற இரட்டைக் காயில் பிக்கப் வைக்கலாம். ஆனால் அது அகலமானது. குழியைப் பெரிதாக வெட்ட வேண்டும்.

"என் உசிரு இருக்கிற வரைக்கும் அதுல இனிமே உளி படாது" என்றார் சம்பந்தி. இந்த வாக்கியத்தை அவர் எழுந்து நின்று சொன்னார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

பிறகு ஒரு நாள் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்து போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"மாமா, இது சின்ன சைஸ். பழச எடுத்துட்டு அதே குழியில அப்படியே வச்சிடலாம். மரத்தத் தொடவே வேணாம். ரெடிமேடா கிடைக்குது."

"என்ன இது?"

"ரெட்டைக் காயில். ரெண்டையும் ஒல்லியா கட்டி, ஒண்ணு இருந்த இடத்துல அடக்கிடறாங்க."

"காயிலா?" என்றேன்.

மாப்பிள்ளை போனை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். உள்ளே இருந்து என் மகள், "போச்சு" என்றாள்.

என் தாத்தா காயில் கட்டினார். அப்பா கட்டினார். நான் கட்டுகிறேன். எங்கள் கையால் கட்டிய மோட்டார் திரும்பி வந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. அந்த வீட்டு மாப்பிள்ளை ரெடிமேட் காயில் வாங்கினார் என்றால் நான் பட்டறைக் கதவை எந்த முகத்தோடு திறப்பது? நாமே கட்டுவோம் என்று சொல்லிவிட்டேன்.

கட்டியது என் மகள். தலைமுடியைவிட மெல்லிய கம்பி. என் விரலுக்கு அது தட்டுப்படக்கூட இல்லை. இரண்டு சுருளையும் ஒன்றுக்கொன்று எதிராக இணைத்தாள். வெளி இரைச்சல் இரண்டுக்குள்ளும் நுழைந்து, ஒன்று தள்ள மற்றது இழுக்க, அங்கேயே அடங்கிவிடும். காந்தத்தையும் ஒன்றில் தலைகீழாக வைத்திருப்பதால் கம்பியின் நாதம் மட்டும் கூடும். இதை அவள் தன் அம்மாவுக்கு விளக்கிய விதம் வேறு. "நீயும் அப்பாவும் ஒரே நேரத்துல கத்தினா எனக்கு ரெண்டுமே காதுல விழாதுல்ல, அதான்."

"நான் எப்பக் கத்தினேன்?" என்று என் மனைவி கத்தினாள்.

சுற்றி முடித்ததும் மகள் என்னிடம் வந்தாள்.

"அப்பா, இத மெழுகுல முக்கி எடுக்கணும்."

"நம்ம பட்டறையில மெழுகு கிடையாது."

"கடையில வாங்கிக்கலாம்பா."

"நான் கிடையாதுன்னு சொன்னது அந்த அர்த்தத்துல இல்ல."

இதற்கு ஒரு விளக்கம் தேவை. எங்கள் தொழிலில் காயிலை வார்னிஷில் முக்கி, அடுப்பில் சுட்டு எடுப்போம். தொளதொளவென்று சுற்றிவிட்டு, அது தெரியாமலிருக்க மெழுகை ஊற்றி மினுக்குகிறவர்களும் உண்டு. மோட்டார் சூடானதும் மெழுகு உருகி ஓடும். கட்டியவனும் ஓடுவான். அதனால் என் அப்பா காலத்திலிருந்தே பட்டறைக்குள் மெழுகுவர்த்தி கூட வருவதில்லை. மின்சாரம் போனால் இருட்டில் உட்கார்ந்திருப்போம்.

"அப்ப வார்னிஷ் போடு" என்றேன்.

"இந்தக் கம்பிக்கு வார்னிஷ் ஆகாதுப்பா, மேல்பூச்சு கரைஞ்சு போயிடும். மெழுகுதான் போடணும். இல்லேன்னா மேல இருக்கிற தகர மூடி அதிரும், அது..."

"சுத்து இறுக்கமா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப எதுவும் வேணாம். மூடு."

மூடிவிட்டாள். மூடும்போது ஏதோ சொன்னாள். அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது பொருத்துவது. சம்பந்தி வீட்டு வேலைக்கூடத்தில், மரத்தூளுக்கு நடுவில், கிட்டாரை ஒரு மெத்தையின் மேல் படுக்க வைத்திருந்தார். முதல் பிக்கப் குழிக்குள் சொன்னபடி இறங்கியது. இரண்டாவது ஒரு ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"உங்க காயில் கொஞ்சம் தடிப்பு, சம்பந்தி" என்றார்.

சட்டைப்பையில் பேனா வைக்கிறவர்கள் இருப்பார்கள். நான் வெர்னியர் வைத்திருப்பேன். எடுத்து இரண்டு பிக்கப்பையும் அளந்து காட்டினேன். இரண்டும் ஒரே அளவு.

"உங்க குழியையும் அளந்துடலாமே" என்றேன்.

"என் குழியவா?" கிட்டாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பெத்த புள்ளயத் தராசுல போட்டுப் பாக்கிற மாதிரி இருக்கு நீங்க சொல்றது."

"புள்ளைக்கு எடை சரியா இருந்தா பெத்தவங்க ஏன் பயப்படணும்?"

"யாரு பயப்படறது? அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. உங்க தகரம்தான் உப்பியிருக்கு."

அதற்கு மேல் பேச்சு வளர்ந்திருக்கும். சம்பந்தியம்மா குடிக்க ஏதோ கொண்டு வந்து இருவர் கையிலும் திணித்தார். டம்ளர் பிடித்த கையோடு ஆளால் சண்டை போட முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் சம்பந்தி கிட்டாரோடு வந்தார். இரண்டும் உள்ளே உட்கார்ந்திருந்தன.

"உங்க மூடி ஓரத்த லேசா அரம் போட்டுத் தேய்ச்சேன். எறங்கிடுச்சு. பரவால்ல விடுங்க சம்பந்தி, கை வேலைன்னா அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும்."

செய்யாத தப்புக்கு என்னை மன்னித்துவிட்டார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மன்னித்தவரை என்ன செய்வது? கழற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் பதிவு நாள் வந்துவிட்டது, மகள் என்னைப் பார்த்த பார்வையும் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

கூடத்துக்கு எல்லோரும் போனோம். காயில் கட்டியவர்கள் ஒரு பக்கம், மரம் வெட்டியவர்கள் மறுபக்கம். ஒரு கிட்டாருக்குத் துணையாக இத்தனை பேர் வருவதை ஒலிப்பதிவாளர் அதுவரை பார்த்ததில்லை போலும். "பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க?" என்றார்.

அங்கே இரண்டு அறைகள். நடுவில் கனமான கண்ணாடி. வாசிப்பவர் அந்தப் பக்கம், ஒலிப்பதிவாளரும் அவருடைய பெட்டிகளும் இந்தப் பக்கம். கதவைச் சாத்திவிட்டால் அங்கே பேசுவது இங்கே கேட்காது. மாப்பிள்ளை கிட்டாரை இணைத்துவிட்டு, இரைச்சல் உண்டா என்று தன் காதாலேயே கேட்க எங்கள் பக்கம் வந்தார். சம்பந்தி அதை நாற்காலியில் சாய்த்து வைக்கச் சம்மதிக்கவில்லை. மடியில் போட்டுக்கொண்டு அந்த அறையிலேயே உட்கார்ந்தார். பக்கத்தில் சம்பந்தியம்மா.

ஒலிப்பதிவாளர் ஒலியைக் கடைசிவரை ஏற்றினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒலிபெருக்கியில் ஒன்றும் இல்லை. அந்த அறையில் டியூப் லைட் எரிகிறது, மேலே ஏசி ஓடுகிறது, இங்கே ஒரு முணுமுணுப்பும் இல்லை.

"சுத்தமா இருக்கு. யாரு பண்ணினது இது?" என்றார் ஒலிப்பதிவாளர்.

நான் என் மகளைக் காட்டினேன். மாப்பிள்ளை கண்ணை மூடித் திறந்தார். நான் முதுகை நிமிர்த்தினேன்.

அப்போது ஒலிபெருக்கி பேசியது.

"...ஒளிச்சு வச்ச உளிய நான் பாக்கலேன்னு நெனச்சீங்களா?"

சம்பந்தியம்மாவின் குரல். டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலிருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. கண்ணாடி வழியாகப் பார்த்தோம். சம்பந்தி கைக்குட்டையால் பிக்கப் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரகசியம் பேசுகிறவர்கள் குனிவார்கள். அவரும் குனிந்தார். வாய் மூடிக்கு நேராக வந்தது.

"மெதுவா பேசு. அவங்க கொடுத்தது இம்மி பிசகல. நான் வெட்டின குழிதான் ஒரு பக்கம் கோணல். அதான் சீவிட்டேன்."

"அப்பறம் ஏன் அவர் காயில் மேல பழியப் போட்டீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? கோணல்னு தெரிஞ்சா அந்த மனுஷன் என் சாவுக்கு வந்தாகூடப் பெட்டிய வெர்னியர் வச்சு அளப்பாரு."

என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"எப்பப் பாரு வெறப்பா நிக்கிறாரே" என்றார் சம்பந்தியம்மா, "முதுகு வலியா?"

"வலியா? திமிரு."

மாப்பிள்ளை பாய்ந்து போய் ஒலியைக் குறைக்கப் பார்த்தார். எந்தப் பொத்தான் என்று தெரியாமல் எதையோ திருக, "திமிரு" எதிரொலியோடு சேர்ந்து இன்னொரு தடவை வந்தது. ஒலிப்பதிவாளர்தான் அணைத்தார்.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். எங்கள் காயில் சரி என்று சம்பந்தி வாயாலேயே வந்துவிட்டது. நேற்றிலிருந்து நான் வேண்டிக்கொண்டது அதுதான். ஆனால் ஒட்டுக் கேட்டது போல் வந்தது. ஒட்டுக் கேட்ட பேச்சை வைத்து வாதாடுவது எங்கள் குடும்பத்தில் கிடையாது.

அதைவிடப் பெரிய தொல்லையை ஒலிப்பதிவாளர் சொன்னார். "சார், இரைச்சல் போச்சு, சரி. ஆனா இது மைக் மாதிரி பேசுது. பக்கத்துல டிரம்ஸ் அடிச்சா அதுவும் இதுல வரும். இத வச்சுப் பதிவு பண்ண முடியாது. பாடகர் வர்றதுக்குள்ள சரியாகலேன்னா நான் வேற ஆளுக்குப் போன் போடணும்."

மாப்பிள்ளை பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் மகளைப் பார்த்தேன். மூடும்போது சொன்னாளே, அது இதுதான். தகர மூடி அதிர்ந்தால் பேச்சையும் பிடிக்கும் என்றிருக்கிறாள்.

"மெழுகு போட்டா நின்னுடும்பா" என்றாள். "மூடிக்கும் சுத்துக்கும் நடுவுல எதுவும் ஆடாது. ஆனா கழட்டணும்."

கழற்றினால் சீவிய குழி எல்லோர் கண்ணிலும் படும். அது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. சம்பந்தி கழற்ற விடமாட்டார். ஏன் கழற்ற வேண்டும் என்று சொன்னால், பேச்சு கேட்டுவிட்டது என்றும் சொல்ல வேண்டும். மகன் முன்னால், மருமகள் முன்னால், முன்பின் தெரியாத ஒலிப்பதிவாளர் முன்னால் ஒரு மனிதர் கூனிக் குறுகிப் போவார். அந்த மனிதர் என் சம்பந்தி. அவருக்கு வருகிற தலைகுனிவில் பாதி என் வீட்டுக்கும் சேரும்.

கதவைத் திறந்து உள்ளே போனேன்.

"சம்பந்தி, எங்க காயில்ல ஒரு குறை. மெழுகு போடாம விட்டுட்டோம். கழட்டித் தரணும்."

அவர் கிட்டாரை இறுக்கிப் பிடித்தார். "அதெல்லாம் வேணாம். நல்லா உக்காந்திருக்கு. கழட்டினா லூஸாயிடும்." பிறகுதான் நான் சொன்னது அவருக்குள் இறங்கியது. "என்ன சொன்னீங்க? குறையா? உங்க காயில்லயா?"

"ஆமா."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஒரு தடவைதான்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"சத்தம் வந்துது."

"என்ன சத்தம்?"

"தேவையில்லாத சத்தம்."

அவர் என்னையே பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு அட்டையைப் பார்த்தேன்.

"உங்க கிட்டார், நீங்களே கழட்டுங்க" என்றேன். "வேற கை பட வேணாம். ரெண்டு ஸ்க்ரூ, ஒரு கிளிப். நாங்க வெளிய நிக்கறோம். மறுபடி மாட்டறதும் நீங்கதான்."

எல்லோரையும் நடைபாதைக்கு ஓட்டிவிட்டுக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றேன். என் மனைவி எட்டிப் பார்க்கப் போனாள். இருமினேன். திரும்பி வந்தாள்.

சற்று நேரத்தில் சம்பந்தி வந்து, கைக்குட்டையில் சுற்றிய இரண்டு பிக்கப்பையும் என் கையில் வைத்தார். கிட்டாரின் முகத்தைத் தன் துண்டால் மூடியிருந்தார்.

மின்சாரம் போனால் ஏற்றுவதற்காக ஒலிப்பதிவாளர் ஒரு கட்டு மெழுகுவர்த்தி வைத்திருந்தார். தேநீர் போடும் அறையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து மகள் அவற்றை உருக்கினாள். பிக்கப்பை அதில் இறக்கியதும் உள்ளே இருந்து பொடிக் குமிழிகள் வரத் தொடங்கின. வந்துகொண்டே இருந்தன. இறுக்கமாகச் சுற்றிய காயில் என்று நான் சொன்னது அதைத்தான்.

"சுத்துல இருந்து வரலப்பா, மூடிக்கு அடியில இருந்த காத்து" என்றாள் மகள், நான் கேட்காமலே.

"உங்க அப்பாவோட வீம்பு குமிழி குமிழியா வருது பாரு" என்றாள் அவள் அம்மா.

குமிழி நின்றதும் எடுத்துத் துடைத்து, ஆறவைத்துக் கொடுத்தோம். சம்பந்தி தனியாக மாட்டினார். மாப்பிள்ளை சுருதி சேர்த்து, கிட்டாரை மறுபடி அவர் மடியில் வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார். பாடகர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவாளர் மறுபடி ஒலியை ஏற்றினார். இரைச்சல் இல்லை. ஆனால் அவர் வேலையில் கறாரானவர். நான் கையைக் காட்டித் தடுப்பதற்குள் பொத்தானை அழுத்தி அந்த அறைக்குப் பேசிவிட்டார்.

"சார், கிட்டார் பக்கத்துல குனிஞ்சு ஏதாவது பேசுங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சம்பந்தி நிமிர்ந்தார். "எதுக்கு?" என்று அவர் வாய் அசைந்தது.

"சும்மா, டெஸ்ட்டுக்கு."

குனிந்தார். என்னவோ சொன்னார். எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஒலிப்பதிவாளர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். சம்பந்தி குனிந்தது குனிந்தபடியே இருந்தார். பிக்கப்பைப் பார்த்தார். கைக்குட்டையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு தலையை மெல்லத் தூக்கி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தில் மணி பார்த்தேன். அன்று நான் கடிகாரம் கட்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளை வாசித்தார். பாட்டைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. பாடகர் முடிவில் "கிட்டார் யாரு?" என்று கேட்டார், அடுத்த பாட்டுக்கும் இவரே இருக்கட்டும் என்றார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மா அழுதார். ஒலிப்பதிவாளர் அடுத்த தேதியைச் சொன்னார்.

வெளியே வரும்போது நடைபாதையில் சம்பந்தி என் பக்கத்தில் நடந்தார்.

"கேட்டுச்சா?" என்றார், நேரே பார்த்துக்கொண்டு.

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

"எனக்கும் ஒண்ணும் கேட்கல."

கொஞ்ச தூரம் நடந்தோம். அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

"உங்க முதுகு எப்படி இருக்கு?" என்றார்.

"முதுகுக்கு ஒண்ணுமில்ல சம்பந்தி. அது திமிருதான்."

அவர் நின்றுவிட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். இப்போது தன் வேலைக்கூடத்துக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையை அவரே சொல்கிறார். அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

ஆனால் கதை கைமாறி வெளியே வேறு மாதிரி உலவுகிறது. சம்பந்தி வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, நாங்கள் வேண்டுமென்றே கிட்டாருக்குள் மைக் ஒளித்து வைத்துக் கொடுத்தோமாம். அப்படி எதுவும் இல்லை. அதில் இருந்தவை காந்தம், செம்புக் கம்பி, தகர மூடி. மைக் கிடையாது.